ஸ்போர்ட்ஸ் காரின் பின் சஸ்பென்ஷனை வீட்டு ஷெட்டிலேயே கழற்றலாமா?

பெருந்துறைக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். செகண்ட் ஹேண்டில் ஒரு நிஸ்ஸான் 370இசட் வாங்கியிருக்கிறார். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது பின்னால் ‘கட், கட்’ என்று சத்தம் வருகிறது. பின் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் தேய்கின்றன. பின் சஸ்பென்ஷனை மொத்தமாக இறக்கி, மூட்டுகளில் இருக்கும் புஷ் எல்லாவற்றையும் மாற்றி, வீட்டு ஷெட்டிலேயே தானே மாட்டிவிடலாமா, எந்த வரிசையில் கழற்றுவது, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டுமா என்பது கேள்வி. சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் அவருடைய மாமா, “இதென்ன பெரிய வித்தை, அரை நாள் வேலை, வண்டிய கொண்டா மாப்பிள்ள” என்றிருக்கிறார்.

வரிசையைக் கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டு என்று எனக்குப் படுகிறது. வேலை நடக்கும்போது யாருக்கும் அடிபடாமல் முடியுமா? மாட்டிய பிறகு வண்டி நேராக ஓடுமா? முதல் கேள்விக்கு முடியும் என்று தயங்காமல் சொல்வேன், கீழே சொல்லும் சிலவற்றை விட்டுக்கொடுக்காமல் செய்தால். இரண்டாவதுக்குப் பதில், நீங்கள் கழற்றும் விதத்தைவிட கடைசியில் நட்டுகளை எந்த நிலையில் வைத்து இறுக்குகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

நான் கோவையில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, பட்டறைகளில் வேலை பழகி, பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டவன். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தய வண்டிகளுக்கு அடியில் படுத்து வேலை செய்த பழக்கமும் உண்டு. உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. எழுத்தில் படித்து ஒரு சத்தத்துக்குக் காரணம் இதுதான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால் எது நிச்சயம், எது என் ஊகம் என்று பிரித்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

மாமா சொன்னதிலிருந்து தொடங்கலாம். அவர் தன் வேலையில் கெட்டிக்காரராகத்தான் இருப்பார். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரியும் போர்வெல் ரிக் வண்டியும் பார்த்து வளர்ந்த கைகளுக்கு நிகரான கைகள் வேறெங்கும் குறைவு. ஆனால் அவர் கை பழகிய மூட்டு வேறு, உங்கள் வண்டியின் மூட்டு வேறு. பழைய லாரியின் பட்டை ஸ்பிரிங்கில் உலோகப் புஷ் இருக்கும், அதற்குள் உருண்டையான இரும்பு முளை சுழலும், கிரீஸ் நிப்பிள் வழியாகக் கிரீஸ் ஏற்றுவார்கள். அது தாராளமாகச் சுழலும் மூட்டு. வண்டியை ஜாக்கியில் தொங்கவிட்டு இறுக்கினாலும் தரையில் நிறுத்தி இறுக்கினாலும் அதற்கு ஒன்றுதான்.

உங்கள் காரில் இருப்பது ரப்பர் புஷ். வெளியே ஒரு உலோக வளையம், நடுவில் ஒரு உலோகக் குழாய், இரண்டுக்கும் இடையில் ரப்பர். ரப்பர் இரண்டு உலோகத்தோடும் ஒட்ட வைத்துச் சுட்டது. போல்ட்டை இறுக்கியதும் நடுக்குழாய் பிராக்கெட்டில் கவ்விக்கொண்டு அசையாது. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்ம் மேலும் கீழும் போகும்போது எதுவும் சுழல்வதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. ஆர்மின் நீளம் 350 மில்லிமீட்டர், சக்கரம் தொங்கும்போது அதன் வெளிமுனை 90 மில்லிமீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணம் ஏறக்குறைய 15 டிகிரி. தொங்கும் நிலையிலேயே நட்டை இறுக்கிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினால், சும்மா நிற்கும்போதே அந்த ரப்பர் 15 டிகிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு மேடுபள்ளமும் அதற்கு மேல் கூடும். வண்டியும் பின்னால் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அப்படி மாட்டிய புஷ்ஷைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. வயதாகிப் போன ரப்பர் சுற்றிலும் சன்னமாக வெடித்திருக்கும். முறுக்கி மாட்டிய ரப்பர் நடுக்குழாயை ஒட்டி, ஒரே திசையில் பிறை வடிவமாகக் கிழிந்திருக்கும். நகத்தை விட்டால் கிழிசலுக்குள் இறங்கும், கிழிந்த முகம் இன்னும் புதுக் கறுப்பாகப் பளபளக்கும். எங்கேயோ புதுப் புஷ் போட்டு ஒரு வருடம்கூட ஆகாமல் மறுபடி சத்தத்தோடு என்னிடம் வந்த வண்டிகளில் இதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நல்ல கம்பெனிப் புஷ்தான், இறுக்கிய நிலைதான் தப்பு.

இனி உங்கள் வண்டி. கழற்றுவதற்கு முன்னால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் செலவழித்துப் பாருங்கள். மேடு பள்ளத்தில் வரும் சத்தம் பெரும்பாலும் சஸ்பென்ஷனுடையது. கிளட்சை விடும்போதோ ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போதோ ‘டொம்’ என்று வந்தால் இன்ஜின் ஓட்டத்தை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைத் தாங்கும் புஷ்ஷைச் சந்தேகப்பட வேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஒரே ஒரு ‘டக்’, பிறகு ஒன்றும் இல்லை, ரிவர்ஸ் எடுத்து மறுபடி முன்னால் போனால் மறுபடி ஒரு ‘டக்’ என்றால், ஆக்சில் முனை, சக்கரம் பூட்டும் ஹப்போடு சேரும் முகத்தில் உலர்ந்து உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசி இரண்டுக்கும் ஆர்ம் புஷ் அத்தனையும் மாற்றினாலும் சத்தம் போகாது. நீங்கள் வேகத்தடையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள், அதனால் சஸ்பென்ஷன் பக்கம் என் சாய்வு. சாய்வு மட்டும்தான்.

சஸ்பென்ஷனிலேயே முதலில் பார்க்க வேண்டியது வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் முனையில் இருக்கும் லிங்க் ராட். மெதுவாகப் போகும்போது ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கினால் ‘கட் கட்’ என்று பேசுவது பல வண்டிகளில் அதுதான். சோதிக்க எளிய வழி இருக்கிறது. இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி, தொங்கி எதிலும் இடிக்காதபடி பாரைக் கட்டிவிட்டு, உங்கள் ஊர்ச் சாலையில் இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்று போய் வாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டான். அந்த நிலையில் வண்டி வளைவில் அதிகம் சாயும், பெரிய சாலைக்குப் போகாதீர்கள். சத்தம் நிற்கவில்லை என்றால் வண்டியைத் தூக்கி, ஒவ்வொரு புஷ் பக்கத்திலும் லீவரை விட்டு நெம்பிப் பாருங்கள். ரப்பர் கொஞ்சம் அசைவது இயல்பு. அசைந்துவிட்டு உலோகம் உலோகத்தில் ‘டக்’ என்று மோதினால் அந்தப் புஷ் முடிந்தது. ஷாக் அப்சார்பரின் மேல், கீழ் மூட்டுகளையும் இதே முறையில் பாருங்கள். எண்ணெய் வழிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இதெல்லாம் எதற்கு என்றால், மொத்தமாக இறக்குவது பெரும்பாலும் தேவைப்படாது. ஆர்ம்களும் டிஃபரன்ஷியலும் பூட்டியிருக்கும் சப் ஃப்ரேமோடு சேர்த்து இறக்க வேண்டும் என்றால் சைலன்சர், புரொப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் வெளியே வர வேண்டும். டிஃபரன்ஷியலோடு சேர்த்து அந்த எடை இரண்டு பேர் கையில் நிற்காது. லிஃப்ட் இல்லாத இடத்தில் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஆர்ம்களை மட்டும், ஒரு நேரத்தில் ஒரு பக்கம் கழற்றுங்கள். அடுத்த பக்கம் முழுசாக இருந்தால் எந்த வாஷர் எந்தப் பக்கம் என்று குழம்பும்போது போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அரை நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதல்முறை செய்பவர் இரண்டு சனி ஞாயிறு ஒதுக்குவது நியாயம்.

இடம். ஷெட்டில் சிமென்ட் தளம் சமமாக இருந்தால் அங்கேயே செய்யலாம். மண் தரை என்றால் வேண்டாம், ஸ்டாண்ட் கால் இறங்கும். சிமென்ட் போட்ட களம் இருந்தால் அது நல்ல இடம், தானியமும் சிறு கல்லும் இல்லாமல் பெருக்கிவிடுங்கள். காரணத்தை ஸ்பிரிங் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன். இந்த வகைக் கார் தாழ்வாக இருக்கும், சாதாரண டிராலி ஜாக்கி அடியில் நுழையாது. முதலில் பின் சக்கரங்களை இரண்டு மரப்பலகை மேல் ஏற்றிக்கொள்ளுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் காருக்கு அடியில் வைக்கவே கூடாது. ஹாலோ பிளாக் முன்னறிவிப்பே கொடுக்காமல் நொறுங்கும். கழற்றிய சக்கரங்களைக் காரின் ஓரத்தில் அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு, அடியில் போகும் முன், காரை நன்றாக ஆட்டிப் பாருங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. உங்கள் வண்டியில் இன்ஜின் ஓட்டுவதும் பின் சக்கரத்தை, ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் பின் சக்கரத்தை. பின்பக்கம் தரையை விட்டு எழும்பிய நிமிடத்திலிருந்து ஹேண்ட் பிரேக்கும் கியரும் காரைப் பிடித்து நிறுத்தாது. முன் சக்கரம் இரண்டும் சும்மா உருளும். அதனால் தூக்குவதற்கு முன்பே முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கனமான கட்டை கொடுத்தாக வேண்டும். தோட்டத்துப் பக்கம் தளம் கொஞ்சம் சரிவாகவே இருக்கும், தண்ணீர் வடிய அப்படித்தான் போடுவார்கள். அந்தச் சரிவே போதும், கார் ஸ்டாண்டிலிருந்து நழுவ.

தூக்குவதற்கு முன் இன்னொரு வேலையும் உண்டு, இதைத் தவறவிட்டால் கடைசியில் கை கட்டிப்போன மாதிரி ஆகிவிடும். கார் சமதளத்தில் நிற்கும்போது, பின் சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து, இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சுவரில் எழுதி வையுங்கள். கடைசி இறுக்கத்துக்கு இந்த எண்தான் வழிகாட்டி.

முந்தின நாள் இரவே எல்லா நட்டு மரையிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். நம் பக்கம் வறண்ட காற்று, வண்டி இங்கேயே ஓடியிருந்தால் துரு அதிகம் இருக்காது. சென்னையிலோ கொச்சியிலோ ஓடிய வண்டி என்றால் போல்ட்டு, புஷ்ஷின் நடுக்குழாய்க்குள் ஒட்டிப் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். ஆர்ம்களின் உள்முனையில் சில போல்ட்டுகள் சாதாரண போல்ட்டு அல்ல, தலையில் மையம் தள்ளிய வட்டத்தகடு கொண்ட கேம் போல்ட்டு. அதைத் திருப்பித்தான் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவான டோவையும், செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவான கேம்பரையும் சரிசெய்கிறார்கள். உங்கள் வண்டியில் ஸ்பிரிங் உட்காரும் கீழ் ஆர்மின் உள்முனைப் போல்ட்டுதான் பின் டோவைத் தீர்மானிப்பது. தளர்த்துவதற்கு முன் வட்டத்தகட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே கூரான ஊசியால் ஒரு கோடு கீறி, மேலே வெள்ளை பெயின்ட் தொட்டு வையுங்கள். பிறகு போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். தலையை இம்பேக்ட் கன் வைத்துத் திருப்பினால், உள்ளே ஒட்டியிருக்கும் குழாய் ரப்பரைக் கிழித்துக்கொண்டு சுற்றும், பிராக்கெட்டின் காதும் வளையும். அந்தக் காது வளைந்துவிட்டால் அலைன்மென்ட் என்றைக்கும் நிற்காது.

பிரேக் காலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்க விடாமல் கம்பி போட்டு மேலே கட்டுங்கள். ஏபிஎஸ் சென்சார் வயரை அதன் கிளிப்புகளிலிருந்து விடுவித்துவிடுங்கள், ஹப்பைத் தாங்கும் நக்கிள் கீழே சரியும்போது முதலில் அறுவது அதுதான். ஆக்சில் நட்டைத் தொட வேண்டிய தேவை ஆர்ம் வேலைக்கு இல்லை. நக்கிளையே வெளியே எடுக்கும் அவசியம் வந்தால், அந்த நட்டு மிகக் கடுமையாக இறுக்கியிருக்கும், காரைத் தூக்குவதற்கு முன் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். ஆக்சிலை வெளியே இழுக்கவோ ஒரு முனையில் தொங்கவிடவோ கூடாது, உள் ஜாயின்ட் பிரிந்துவிடும்.

இப்போது ஸ்பிரிங். இந்தக் காரில் பின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனி. ஸ்பிரிங் கீழ் ஆர்மில் இருக்கும் கிண்ணத்தில் உட்கார்ந்து பாடியைத் தாங்குகிறது. அதனால் இதற்கு ஸ்பிரிங் கம்ப்ரஸர் தேவையில்லை, டிராலி ஜாக்கியே போதும். ஆனால் சக்கரம் முழுதும் தொங்கும்போதுகூட அந்த ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கிறது. எவ்வளவு சக்தி என்று புரிய ஒரு கணக்கு: மில்லிமீட்டருக்கு 60 நியூட்டன் கடினமுள்ள ஒரு ஸ்பிரிங் 100 மில்லிமீட்டர் அழுந்தியிருந்தால் அதில் 300 ஜூல் அடங்கியிருக்கும். 30 கிலோ மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி அது. உங்கள் ஸ்பிரிங்கின் எண் வேறாக இருக்கலாம், அளவு இந்த வட்டாரம்தான்.

செய்முறை இப்படி. கீழ் ஆர்மின் வெளிமுனைக்கு அடியில், ரப்பர் ஒட்டிய கட்டை ஒன்றை இடையில் வைத்து, டிராலி ஜாக்கியைக் கொடுத்து லேசாகத் தூக்குங்கள். ஸ்பிரிங் வழியாகவும் பாடியின் உறுதியான ஒரு பாகத்தின் வழியாகவும் ஒரு சங்கிலியைத் தளர்வாகக் கோத்துக் கட்டுங்கள், அது காப்பீடு. உள்முனை நட்டை, குறி போட்ட பிறகு, கொஞ்சம் தளர்த்தி வையுங்கள், ஆர்ம் இறங்கும்போது ரப்பர் கிழியாமல் இருக்க. ஷாக் அப்சார்பரை இப்போதைக்குத் தொடாதீர்கள், நக்கிளை அது பிடித்துக்கொண்டிருக்கட்டும். பிறகு வெளிமுனை நட்டை எடுத்துவிட்டுப் போல்ட்டை விரலால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் ஜாக்கி உயரம் சரியில்லை. இம்மி ஏற்றி, இம்மி இறக்கிப் பார்த்தால் ஒரு இடத்தில் போல்ட்டு கையாலேயே சுற்றும், இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். அங்கேதான் பாரம் முழுதும் ஜாக்கி மேல் வந்திருக்கிறது. சுத்தியலால் அடித்துப் போல்ட்டை வெளியேற்றுகிறீர்கள் என்றால் பாரம் இன்னும் போல்ட்டின் மேல் இருக்கிறது என்று அர்த்தம், நிறுத்துங்கள்.

போல்ட்டு வந்த பிறகு ஜாக்கியை மெல்ல இறக்குங்கள். ஆர்மின் முனை நேர் கீழே போகாது, வளைவாகப் போகும். அதற்கேற்ப ஜாக்கியும் தன் சக்கரத்தில் உருண்டு நகர வேண்டும். ஒரு கூழாங்கல் தடுத்தாலும் ஜாக்கி நகராது, தலை ஆர்மிலிருந்து நழுவும். தரையைப் பெருக்கச் சொன்னது இதற்குத்தான். மாமா பட்டறையிலிருந்து லாரி பாட்டில் ஜாக்கி கொண்டுவந்து இந்த இடத்தில் வைக்காதீர்கள், அதன் தலை சின்னது, அது உருளவும் உருளாது. இறக்கும்போது நீங்களும் உதவிக்கு இருப்பவரும் ஸ்பிரிங்குக்கு நேர் எதிரே இருக்கக் கூடாது. முழுதும் இறங்கியதும் ஸ்பிரிங் கையில் ஆடும், எடுத்துவிடலாம். மேல், கீழ் ரப்பர் இருக்கைகளையும் ஸ்பிரிங் முனை எந்தத் திசையில் உட்கார்ந்திருந்தது என்பதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேறு கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்படியே செய்யக் கூடாது. போர்ஷே பாக்ஸ்டர் போன்ற வண்டிகளில் பின்னாலும் ஸ்ட்ரட் வகைதான், ஸ்பிரிங் ஷாக் அப்சார்பர் மேலேயே பூட்டியிருக்கும். அதை மொத்தமாக வெளியே எடுப்பதில் ஆபத்தில்லை. எடுத்த பிறகு உச்சியில் இருக்கும் நடு நட்டைக் கழற்றுவதுதான் உயிருக்கே ஆபத்து. கொக்கி போட்டு இறுக்கும் மலிவான கம்ப்ரஸர் குட்டையான, கடினமான ஸ்பிரிங்கில் வழுக்கும். ஸ்ட்ரட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரில் பொருத்திய கம்ப்ரஸர் இருக்கும் பட்டறைக்குப் போய்விடுங்கள்.

ஆர்ம்கள் வெளியே வந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். புஷ் மாற்றும் வேலையில் நம் ஊருக்கு ஒரு பெரிய வசதி, லேத் பட்டறை. கோவையில் கணபதி பக்கமோ பீளமேடு பக்கமோ நல்ல டர்னர் ஒருவரிடம் பழைய புஷ்ஷையும் ஆர்மையும் காட்டினால், தள்ளுவதற்கும் தாங்குவதற்கும் வேண்டிய இரண்டு வளையங்களை ஈஎன்8 ரக எஃகுக் கம்பியில் கடைந்து கொடுத்துவிடுவார். பிறகு ஹைட்ராலிக் பிரஸ். தள்ளும் வளையம் புஷ்ஷின் வெளி வளையத்தில் மட்டும் உட்கார வேண்டும், நடுக்குழாயில் அழுத்தினால் புதுப் புஷ் அங்கேயே செத்துவிடும். பழையதை எடுப்பதற்கு முன் அது எந்தக் கோணத்தில் இருந்தது என்று ஆர்மில் குறி போடுங்கள். பல புஷ்களில் ரப்பருக்கு நடுவே ஒரு பக்கம் வெற்றிடம் இருக்கும், அது திசை பார்த்து வைத்தது. ஆர்ம் அலுமினியம் என்றால் சுத்தியலும் கேஸ் நெருப்பும் பக்கத்திலேயே வரக் கூடாது. பால் ஜாயின்ட் மூட்டைப் பிரிக்கக் கவைக் கருவியை அடித்து ஏற்றாமல், திருகி அழுத்தும் புல்லர் பயன்படுத்துங்கள்.

அதே டர்னரிடம் கேட்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. போல்ட்டு அறுந்துவிட்டது, ஒன்று கடைந்து கொடுங்கள் என்று கேட்காதீர்கள். அச்சு அசலாகக் கடைந்து கொடுப்பார், அளவில் ஒரு நூல் பிசகாது. ஆனால் அந்தப் போல்ட்டின் பலம் அளவில் இல்லை, எஃகின் ரகத்திலும் அதைப் பதப்படுத்திய விதத்திலும் இருக்கிறது. சஸ்பென்ஷன் போல்ட்டு கம்பெனிப் பொருளாகவே வாங்க வேண்டும். உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் நீளமும் மரையும் ஒத்துப்போகும் போல்ட்டு கிடைக்கும், அதுவும் வேண்டாம். அலுமினிய ஆர்மில் விரிசல் இருந்தால் வெல்டிங் வேண்டாம், ஆர்மையே மாற்றுங்கள்.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இங்கே சொல்வது என் கருத்து, ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. பந்தய வண்டியில் ரப்பரே இருக்காது, முனையில் உலோக உருண்டை கொண்ட ராட் எண்ட் மூட்டுகள்தான், அதன் சத்தமும் தேய்மானமும் அங்கே பொருட்டில்லை. சாலை வண்டியில், அதுவும் ஒரு சக்கரத்துக்குப் பல ஆர்ம் இருக்கும் அமைப்பில், ஒவ்வொரு புஷ்ஷும் முறுக்குவதோடு கொஞ்சம் சாயவும் வேண்டியிருக்கிறது. கெட்டியான பாலியூரித்தேன் அந்தச் சாய்வுக்கு இடம் கொடுக்காமல் மல்லுக்கட்டும். தினமும் பெருந்துறை, ஈரோடு என்று ஓட்டும் வண்டிக்கு நான் ரப்பரையே போடுவேன். டிஃபரன்ஷியல் புஷ்ஷுக்கு மட்டும் பாலியூரித்தேனை எதிர்க்க மாட்டேன், உள்ளே ஒரு முனகல் கேட்கும், அதைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்றால்.

மாட்டும்போது எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் ஓட்டி, நட்டு உட்காரும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். ஸ்பிரிங்கை ஏற்றுவது கழற்றிய வரிசைக்கு நேர் எதிர். கேம் போல்ட்டுகளைக் கீறிய கோட்டில் நிறுத்துங்கள். இப்போது சுவரில் எழுதிய எண்ணுக்கு வருவோம். நக்கிளுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அந்த அளவு வரும்வரை ஏற்றுங்கள். அந்த நிலையில் வைத்து, ஃபேக்டரி சர்வீஸ் புத்தகத்தில் உங்கள் வருட மாடலுக்குக் கொடுத்த அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒவ்வொரு ரப்பர் புஷ் போல்ட்டையும் இறுக்குங்கள். இதில் ஒரு சிக்கல் வரும். அளவு வருவதற்கு முன்பே கார் ஸ்டாண்டிலிருந்து எழும்பத் தொடங்கலாம். எழும்பினால் உடனே நிறுத்துங்கள்.

அப்போதுதான் மாமா கைகொடுப்பார். லாரிப் பட்டறையில் குழி இருக்கும். நட்டுகளை மிதமாக இறுக்கி, சக்கரத்தை மாட்டி, ஒரு வண்டி மேல் ஏற்றியோ, மிக மெதுவாக ஓட்டியோ குழிக்கு மேல் நிறுத்துங்கள். காரை முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி விட்டு அது தன் உயரத்துக்கு வந்ததும் குழிக்குள் இறங்கி எல்லாவற்றையும் கடைசி அளவுக்கு இறுக்குங்கள். கார் தன் காலில் நிற்கும்போது இறுக்குவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. பெருந்துறையிலிருந்து சங்ககிரி தூரம் என்பதால் வண்டி மேல் ஏற்றிப் போவதையே சொல்வேன். ஒவ்வொரு நட்டிலும் இறுக்கியதும் பெயின்ட் கோடு போடுங்கள், பிறகு தளர்ந்தால் கோடு பிரிந்து காட்டிக்கொடுக்கும்.

அலைன்மென்ட் இல்லாமல் வேகம் எடுக்கக் கூடாது. 19 அங்குல ரிம்மில் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் சுமார் 0.12 டிகிரி டோ. பார்வைக்குத் தெரியாத அந்த அளவே டயரைத் தின்னப் போதும். பின் சக்கரங்கள் வெளிப்பக்கம் திறந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது வால் அலையும். 3.7 லிட்டர் வி6 இன்ஜின் பின் சக்கரத்தை ஓட்டும் வண்டியில் அது விளையாட்டில்லை. காரின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டுகளுக்கு இடையே நீளமாக நூல் இழுத்து, ரிம்மின் இரண்டு விளிம்பிலிருந்தும் ஸ்கேல் வைத்து அளக்கும் முறையைப் பந்தய மைதானத்தில் இன்றும் பயன்படுத்துகிறோம். அலைன்மென்ட் கடைக்குப் பத்திரமாகப் போய்ச் சேரும் அளவுக்கு அது போதும். கடையில் முதலிலேயே கேளுங்கள்: பின் சக்கரத்தின் டோ, கேம்பர் இரண்டையும் சரிசெய்து, முன்னும் பின்னும் எண்களை அச்சடித்துத் தருவீர்களா என்று. முன் டோவை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பும் கடைக்குப் போய்ப் பயனில்லை.

முதல் ஓட்டம் ஊருக்குள், மெதுவாக. திரும்பி வந்து பெயின்ட் கோடுகளைப் பாருங்கள், சக்கர நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சில் சோதியுங்கள். அது சரியாக இருந்தால் நான்கு வழிச்சாலைக்குப் போகலாம்.

பொருள் ஆர்டர் போடுவதற்கு முன் இரண்டு விஷயம் எனக்கு எழுதுங்கள். லிங்க் ராட் இரண்டையும் கழற்றி ஓட்டியபோது சத்தம் நின்றதா, இல்லையா என்பது ஒன்று. இன்னொன்று, பின் டயரின் தேய்ந்த உள்பக்கத்தை விரலால் குறுக்கே முதலில் உள்ளிருந்து வெளியே, பிறகு வெளியிலிருந்து உள்ளே தடவிப் பாருங்கள். இரண்டு திசையிலும் வழவழப்பாக இருந்தால் கேம்பர் பக்கம் பார்ப்போம். ஒரு திசையில் மட்டும் ரம்பப் பல் மாதிரி விரலைப் பிடித்தால் டோ கெட்டிருக்கிறது, அப்போது அந்தக் கீழ் ஆர்மின் உள்முனைப் புஷ்ஷையும் கேம் போல்ட்டையும் முதலில் பார்க்கச் சொல்வேன்.